வக்கீலிடம் சொன்னது வெளியே போகுமா?



இந்த இதழின் பாடப் பகுதியில் வழக்கமாக கல்வி உதவி, வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் போன்றவற்றை எழுதி வருகிறோம். இம்முறை கோர்ட் சம்பந்தப்பட்ட ஒன்றை எழுத வேண்டியதாயிற்று. காரணம் இரண்டு சம்பவங்கள். ஒன்று நம் சகோதரர் ஒருவருக்கு நடந்தது. மற்றொன்று எங்கள் கையாலேயே நடந்தது. முதலில் சகோதரரின் விஷயம்.

அவர் கூலி நெசவு செய்பவர். ஊர், பெயர் வேண்டாம். மகள் திருமணத்துக்காக, தமக்குப் பாவு கொடுக்கும் முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். தொகை எழுதாத புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நம் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு இது புதிதல்ல. பிறகு ஒவ்வொரு சேலைக் கூலியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தம் செய்து வந்தார்கள். பிடித்ததையெல்லாம் அவர் மனைவி ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வைத்திருந்தார். சில வருடங்களில் மனஸ்தாபம் வந்தது, தறி நின்றது, வாங்கியதைவிட அதிகமான தொகையைப் போட்டு வழக்கு வந்தது.

சகோதரர் ஆரணிக்குப் போய் வக்கீல் வைத்தார். வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "இது உங்கள் கையெழுத்தா?" என்பதுதான். இவர் "இல்லை" என்று சொல்லிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு நாங்கள் கேட்டபோது அவர் சொன்ன பதில் எங்களைத் தூங்கவிடவில்லை. "அந்தப் பக்கத்து வக்கீலோடு நம்ம வக்கீலு கோர்ட் வாசல்ல டீ குடிச்சிட்டு நிக்கிறதைப் பார்த்தேன் பாய். உண்மையைச் சொன்னா அங்கே போயிடும்னு பயந்துட்டேன்."

விளைவு என்ன? "கையெழுத்து என்னுடையதல்ல" என்று எதிருரை தாக்கலானது. விசாரணையில் கையெழுத்து அவருடையதே என்று நிரூபணமானது. ஒரு புரோநோட்டில் கையெழுத்து உண்மை என்று ஆகிவிட்டால், அதற்குப் பணம் கைமாறியது என்றே கோர்ட் முதலில் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவர் தலையில் விழும். அந்த நேரத்தில் மனைவியின் நோட்டை எடுத்து நீட்டினார்கள். கையெழுத்தே என்னுடையதல்ல என்று சொன்னவர், அந்தக் கடனுக்குத் தவணை கட்டினேன் என்று எப்படிச் சொல்ல முடியும்? முதல் நாளே வக்கீலிடம் உண்மையைச் சொல்லியிருந்தால், "கையெழுத்து என்னுடையது, தொகை பிறகு நிரப்பப்பட்டது, இவ்வளவு கட்டியிருக்கிறேன்" என்று நேர்மையாக வாதாடியிருக்கலாம். அந்த நோட்டுக்கு அப்போது ஒரு மதிப்பு இருந்திருக்கும்.

அவர் பயந்தது நியாயமா? சட்டத்தைப் பார்த்தால் இல்லை. இரு தரப்பு வக்கீல்கள் சேர்ந்து டீ குடிப்பது, ஒரே தெருவில் தறி வைத்திருக்கும் இருவர் பேசிக்கொள்வது போலத்தான். கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்ல வக்கீலுக்கு அனுமதியே கிடையாது. இந்தியச் சாட்சியச் சட்டம் 1872, பிரிவு 126இல் இது இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் 2023 வந்துவிட்டது. அதில் இது பிரிவு 132. (அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.) எண் மாறியதே தவிர விஷயம் பெரிதாக மாறவில்லை. கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல், தொழில் முறையில் அவர் சொன்னதையோ, அவருக்குத் தாம் சொன்ன ஆலோசனையையோ, அவர் காட்டிய ஆவணத்தில் கண்டதையோ வக்கீல் வெளியிடக் கூடாது. வழக்கு முடிந்த பிறகும், அந்த வக்கீலை மாற்றிய பிறகும் இந்தக் கடமை தொடரும். வக்கீலின் குமாஸ்தாவுக்கும் ஊழியர்களுக்கும் மொழிபெயர்ப்பவருக்கும்கூட இது பொருந்தும். வீட்டில் உருது மட்டும் பேசும் நம் பெரியம்மாக்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பார் கவுன்சில் விதிகளும் இந்தக் கடமையை மீறக் கூடாது என்று வக்கீல்களுக்குத் தனியே கட்டளையிடுகின்றன.

முக்கியமாக ஒன்று. இந்தப் பாதுகாப்பு வக்கீலின் சொத்து அல்ல, கட்சிக்காரருடையது. விட்டுக்கொடுக்கும் உரிமையும் அவருக்கே. நம்மிடையே புழங்கும் அமானிதம் என்ற சொல்லே இதற்கு மிகப் பொருத்தம். வைத்திருப்பவர் ஒருவர், உடையவர் வேறொருவர்.

ஜும்ஆவுக்குப் பிறகு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மதரஸாவில் ஓதும் தம்பி ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். "சாட்சியத்தை மறைப்பது பாவமல்லவா? இது மறைப்பதற்குச் சட்டமே வழி செய்வதுபோல இருக்கிறதே?" இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

சட்டம் காப்பது பேச்சை. நடந்த விஷயத்தை அல்ல. சிவில் வழக்கில் ஒரு தரப்பு மறு தரப்பிடம் உண்மைகளைக் கேட்டு வாங்குவதற்கு வழி இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 11 அதற்காகவே உள்ளது. கோர்ட் அனுமதியோடு எழுத்தில் கேள்விகள் அனுப்பலாம். அதற்குப் பிரமாணப் பத்திரத்தில் பதில் தர வேண்டும். "இந்த வழக்கு சம்பந்தமாக உங்களிடம் உள்ள ஆவணங்கள் எவை?" என்று கேட்டு மனுப் போடலாம். கோர்ட் உத்தரவிட்டால் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, இவற்றைக் காட்டுகிறேன், இவற்றைக் காட்ட ஆட்சேபிக்கிறேன் என்று சத்தியம் செய்து எழுத வேண்டும். உத்தரவுக்குக் கீழ்ப்படியாவிட்டால் வாதியின் வழக்கு தள்ளுபடி ஆகலாம். பிரதிவாதியின் எதிர்வாதம் நீக்கப்படலாம். நம் பக்கத்து வழக்குகளில் வக்கீல்கள் இதை அதிகம் பயன்படுத்துவதில்லை, நேராகக் குறுக்கு விசாரணைக்கே போய்விடுகிறார்கள் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஆக, "இந்தப் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டீர்களா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். "அதைப் பற்றி உங்கள் வக்கீலிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டால் சொல்ல வேண்டியதில்லை. வாடகை ரசீதுப் புத்தகத்தைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். அந்த ரசீதுகளைப் பற்றி வக்கீல் எழுதிய கருத்துக் கடிதத்தைக் காட்ட வேண்டியதில்லை. "என் வக்கீலின் கடிதம், ஆட்சேபிக்கிறேன்" என்று பட்டியலில் குறித்தால் போதும். ஆட்சேபணை நியாயமா என்று சந்தேகம் வந்தால் நீதிபதியே அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்து முடிவு செய்யலாம். சாட்சியம் மறையவில்லை, தம்பி. ஆலோசனை மட்டும்தான் மறைந்திருக்கிறது.

பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. பத்திரத்தை வக்கீல் பீரோவில் வைத்துவிட்டால் யாரும் கேட்க முடியாது என்கிறார்கள். அப்படி இல்லை. நேற்றுவரை உங்கள் பெட்டியில் இருந்த கிரயப் பத்திரம், வக்கீல் கைக்குப் போனதால் ரகசியம் ஆகிவிடாது.

சட்டத்திலேயே உதாரணங்கள் தந்திருக்கிறார்கள். 1872 முதல் அவை இருக்கின்றன. ஒருவர் வக்கீலிடம் வந்து, "நான் கள்ளக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்" என்கிறார். அந்தப் பேச்சுக்குப் பாதுகாப்பு உண்டு. ஏனென்றால் குற்றம் செய்தவருக்காக வாதாடுவது குற்றமல்ல. இன்னொருவர் வந்து, "இந்தக் கள்ளப் பத்திரத்தை வைத்து அந்தச் சொத்தை வாங்க வேண்டும், வழக்குப் போடுங்கள்" என்கிறார். அதற்குப் பாதுகாப்பு இல்லை. முதலாமவர் நடந்து முடிந்ததைச் சொல்கிறார். இரண்டாமவர் இனி செய்யப்போகும் மோசடிக்கு வக்கீலைக் கருவியாக்குகிறார். மூன்றாவது உதாரணம் கணக்குப் பார்ப்பவர்களுக்கு. பணம் கையாடியதாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல், தாம் வழக்கை ஏற்றபோது கணக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு பதிவு பிறகு புதிதாக முளைத்திருப்பதைக் காண்கிறார். அதற்கும் பாதுகாப்பு இல்லை. ஆகவே பழைய தேதி போட்டு ரசீது தயாரிக்கலாமா என்று வக்கீலிடம் யோசனை கேட்பவர்கள், அந்தப் பேச்சு ரகசியமாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இந்த உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்று சமீபத்தில் நாடே பேசியது. 2025 ஜூனில் மூத்த வழக்கறிஞர்கள் அரவிந்த் தாதார், பிரதாப் வேணுகோபால் ஆகியோருக்கு அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியது. தாதார் நம் சென்னையில் தொழில் செய்து பெயர் பெற்றவர். ஒரு காப்பீட்டு நிறுவனம் பங்குகள் வழங்கிய விவகாரத்தில் தரப்பட்ட சட்டக் கருத்து சம்பந்தமாக அவர்களை விசாரிக்க அழைத்தார்கள். கருத்துச் சொன்ன வக்கீலையே விசாரணைக்கு இழுத்தால் நாளை யார் வாய் திறந்து ஆலோசனை சொல்வார்கள் என்று வழக்கறிஞர் சங்கங்கள் எதிர்த்தன. சம்மன் திரும்பப் பெறப்பட்டது. அதே சமயம் குஜராத்தில் ஒரு வழக்கறிஞருக்குப் போலீஸ் அனுப்பிய நோட்டீஸ் உச்ச நீதிமன்றம் வரை வந்தது. நீதிமன்றம் தானாக முன்வந்து இந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்டது.

தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதிகள் கே. வினோத் சந்திரன், என்.வி. அஞ்சாரியா ஆகியோர் 2025 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தார்கள். கட்சிக்காரரின் வழக்கு விவரம் கேட்டு அவருடைய வக்கீலுக்கு விசாரணை அதிகாரி சம்மன் அனுப்பக் கூடாது. மேலே சொன்ன மோசடி போன்ற விதிவிலக்கு இருந்தால் மட்டும் அனுப்பலாம். அதிலும் எந்த விதிவிலக்கு என்று சம்மனிலேயே எழுத வேண்டும், எஸ்.பி. பதவிக்குக் குறையாத மேலதிகாரியின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். வக்கீலின் செல்போன், கம்ப்யூட்டர் போன்றவை தேவைப்பட்டால் கோர்ட்டில்தான் ஒப்படைக்கச் சொல்லலாம். கட்சிக்காரர், வக்கீல் முன்னிலையில்தான் திறக்க வேண்டும். மற்ற கட்சிக்காரர்களின் ரகசியம் வெளிவரக் கூடாது. ஆவணங்களைப் பற்றி நாங்கள் மேலே சொன்னதையும் இந்தத் தீர்ப்பு உறுதி செய்கிறது. வக்கீல் கையில் இருப்பதாலேயே ஓர் ஆவணத்துக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. ஆட்சேபணையைக் கேட்டு, அதைத் தாக்கல் செய்யச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் சட்ட அலுவலருக்கு, கோர்ட்டில் தொழில் செய்யும் வக்கீலுக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் அதில் சொன்னார்கள்.

வழக்குக்காக வக்கீல் தாமே தயாரிக்கும் குறிப்புகளின் நிலை என்ன? சாட்சிகளிடம் கேட்டு எழுதியது, வாதத்தின் பலம் பலவீனம் பற்றிய குறிப்பு இவையெல்லாம்? அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு புகழ்பெற்ற வழக்கு இருக்கிறது. 1943 பிப்ரவரியில் டெலவேர் ஆற்றில் ஜே.எம். டெய்லர் என்ற இழுவைப் படகு மூழ்கியது. ஒன்பது பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். படகு உரிமையாளர்களின் வக்கீல், தப்பிப் பிழைத்தவர்களைச் சந்தித்து வாக்குமூலம் எழுதி வாங்கி வைத்தார். இறந்த ஒருவரின் தரப்பில் வழக்குப் போட்டவர்கள், அந்த வாக்குமூலங்களைக் கொடு, வாய்மொழியாகச் சொன்னதையும் எழுதிக் கொடு என்றார்கள். அவர் மறுத்தார். கீழ்க்கோர்ட் அதை அவமதிப்பு என்று சொல்லிச் சிறைக்கு அனுப்பவும் உத்தரவிட்டது. 1947இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வக்கீல் பக்கம் தீர்ப்பளித்தது. பிழைத்தவர்கள் இருக்கிறார்கள், நடந்ததை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். ஒருவர் உழைத்துச் சேர்த்ததையும் யோசித்து எழுதியதையும் காரணம் காட்டாமல் எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்ள முடியாது என்பதே சாரம். சாட்சி இறந்துவிட்டார், வேறு வழியே இல்லை என்பது போன்ற அவசியத்தை நிரூபித்தால் கோர்ட் தரச் சொல்லலாம். நம் நாட்டில் இந்தப் பெயரில் தனிப் பிரிவு கிடையாது. கட்சிக்காரரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்லும் பிரிவு 134, பழைய 129, அதையே நாம் இங்கு முதலில் நாட வேண்டும்.

அந்தப் பிரிவில் ஒரு கண்ணி இருக்கிறது. கட்சிக்காரர் தாமே கூண்டேறிச் சாட்சி சொன்னால், சொன்ன சாட்சியத்தை விளக்கத் தேவையான அளவுக்கு மட்டும் வக்கீலோடு பேசியதைச் சொல்லும்படி கோர்ட் கேட்கலாம். சாட்சி சொன்னதாலேயே எல்லாம் திறந்துவிடாது. ஆனால் குறுக்கு விசாரணையில் நெருக்கும்போது, "வக்கீல் சொல்லித்தான் அப்படி எழுதினேன்" என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால், வக்கீல் என்ன சொன்னார் என்ற அடுத்த கேள்விக்கு நீங்களே இடம் கொடுத்தவர் ஆவீர்கள்.

இந்தப் பாதுகாப்பு யாருக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்திர எழுத்தருக்கு இல்லை. ஆடிட்டருக்கு இல்லை, தொழில் ஒழுக்கப்படி அவர் வெளியே பேசக் கூடாது, ஆனால் கோர்ட் கேட்டால் சொல்ல வேண்டும். இங்கிலாந்து உச்ச நீதிமன்றமே 2013இல், ஆடிட்டர் தரும் வரிச் சட்ட ஆலோசனைக்கு வக்கீலுக்குரிய பாதுகாப்பு கிடையாது என்றது. சட்டக் கல்லூரியில் படிக்கும் மருமகனுக்கு இல்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த வக்கீல் உறவினரிடம் பேச்சுவாக்கில் சொன்னதற்கும் இல்லை. கட்சிக்காரராகப் போய் ஆலோசனை கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்டிருந்தால், வழக்கே போடாவிட்டாலும் பாதுகாப்பு உண்டு.

முத்தவல்லிக்கும் ஜமாஅத் பெரியவர்களுக்கும் எங்களுக்கும்கூட இல்லை. இதை எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஜமாஅத்தில் உட்கார்ந்து, "ஆமாம், அவருக்கு அம்பதாயிரம் தரணும்" என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், நாளை வழக்கு வந்தால் அங்கே இருந்தவர்களைச் சாட்சிக்கு அழைக்க முடியும். சிவில் வழக்குக்கு மட்டும் ஒரு வழி உண்டு. சமரசத்துக்காக இங்கே பேசுவதைச் சாட்சியமாக்கக் கூடாது என்று இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டு பேசினால், பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 21இன்படி அந்த ஒப்புதலைக் கோர்ட் ஏற்காது. பஞ்சாயத்து தொடங்கும் முன்பே இதை மினிட் புத்தகத்தில் எழுதி இரு தரப்பிலும் கையெழுத்து வாங்குவது நல்லது.

இனி எங்கள் தவறு. டிரஸ்ட் கடை ஒன்றில் வாடகைப் பிரச்சினை. வக்கீலிடம் கருத்துக் கேட்டோம். நல்ல மனிதர், நம் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு குறையை மறைக்காமல் எழுதி, அதை எப்படிச் சரிசெய்வது என்றும் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தைப் படம் பிடித்து, "எல்லோர் பார்வைக்கும்" என்று எழுதி, நிர்வாகிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். குழுவில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். அதில் ஒருவர் வாடகைதாரருக்கு நெருங்கிய சொந்தம் என்பது எங்களுக்கு நினைவிலேயே இல்லை. அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு மனுவில் அதே குறை, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் வந்தது. எங்கள் வக்கீல் எங்களைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டோம்.

யாரைக் குறை சொல்வது? சட்டம் பூட்டியது வக்கீலின் வாயை; கோர்ட் நம்மைக் கட்டாயப்படுத்துவதையும் தடுத்தது. நாமே பரப்பியதை அது எப்படித் தடுக்கும்? முறைகேடாகக் கிடைத்தது என்ற ஒரே காரணத்துக்காகச் சாட்சியத்தை நம் நாட்டுக் கோர்ட்டுகள் பொதுவாக ஒதுக்குவதில்லை. உச்ச நீதிமன்றம் 1972இல் ஆர்.எம். மல்கானி வழக்கில் ரகசிய ஒலிப்பதிவை ஏற்றது. 2025 ஜூலையில், கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததைக்கூட விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்றது.

நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பேசி, இனி வக்கீல் கடிதம் எதையும் செல்போனில் அனுப்புவதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். கூட்டத்தில் வாசித்துவிட்டு பீரோவில் வைக்கப்படும். வழக்கில் சம்பந்தமுள்ள சொந்தக்காரர் நிர்வாகியாக இருந்தால் அந்தப் பேச்சு நடக்கும்போது அவர் வெளியே இருப்பார். முதலில் சிலருக்கு வருத்தம்தான்.

உதவி கேட்டு அலுவலகம் வரும் சகோதர, சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வழக்கின் உள்விவரத்தை எங்களிடம் விரிவாகச் சொல்ல வேண்டாம். யார் மேல், எந்தக் கோர்ட், அடுத்த தேதி என்ன, இது போதும். மற்றதை வக்கீலிடம் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் கோர்ட் வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம், அல்லது 15100 எண்ணுக்குப் போன் செய்யலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசமாக வக்கீல் தருகிறார்கள். அவரும் வக்கீல்தான், அவரிடம் சொல்வதற்கும் இதே பாதுகாப்பு உண்டு. போகும்போது சம்மன், கையில் உள்ள ரசீதுகள், கூலிப் பிடித்தம் எழுதிய நோட்டு எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். துணைக்கு ஒருவர் வருவது நல்லதுதான். ஆனால் வக்கீலிடம் பேசும் நேரத்தில் அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள்.